லாரி வாசலுக்கு வந்த பிறகு: பாரம் இறக்குவது யார் பொறுப்பு?

வீடு, கட்டடம் தொடர்பாக வாசகர்கள் அனுப்பும் கேள்விகளுக்கு இப்பகுதியில் பதில் அளித்து வருகிறோம். இம்முறை கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த கடிதங்களில் பல, கட்டுமானத் தளத்துக்கு வரும் கனமான பொருள்களை இறக்குவது பற்றியே அமைந்திருந்ததால், அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: வீடு கட்டி வருகிறேன். சமையலறை மேடைக்கும் மாடிப்படிக்கும் புதுச்சேரியில் ஒரு கடையில் கிரானைட் வாங்கினேன். 'சைட் டெலிவரி' என்று சொல்லித்தான் விலை பேசினோம். லாரி வந்தபோது இருட்டத் தொடங்கிவிட்டது. வண்டி ஓட்டுவது மட்டுமே தம் வேலை என்று ஓட்டுநர் சொன்னார். இறக்குவது உங்கள் பொறுப்பு என்று கடைக்காரர் தொலைபேசியில் சொன்னார். வேறு வழியின்றி எங்கள் மேஸ்திரி தம் ஆட்கள் நால்வரை வைத்து இறக்கினார். இரண்டு ஸ்லாப்கள் உடைந்தன. ஒருவருக்குக் கால் எலும்பு முறிந்தது. கல்லுக்கும் அவருடைய மருத்துவச் செலவுக்கும் யார் பொறுப்பு?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: உடைந்த கல்லைவிட அடிபட்ட தொழிலாளியின் நிலை அவசரமானது என்பதால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

வேலையின்போது, வேலையின் காரணமாக ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால், தவறு யாருடையது என்று அவர் நிரூபிக்க வேண்டிய தேவை இல்லாமலேயே, அவரை வேலைக்கு வைத்தவர் இழப்பீடு தர வேண்டும் என்பது 1923ஆம் ஆண்டிலிருந்து நம் நாட்டில் உள்ள சட்டம். 2025 நவம்பர் 21 முதல் அந்த ஏற்பாடு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்திருக்கிறது. அந்த நால்வருக்கும் கூலி பேசி, வேலை சொல்லி, சம்பளம் கொடுப்பவர் மேஸ்திரி என்றால் சட்டத்தின் பார்வையில் முதலாளி அவரே. ஆட்களுக்கு நீங்களே நேரடியாக நாள்கூலி கொடுத்து வருகிறீர்கள் என்றால் பொறுப்பு உங்கள் பக்கம் திரும்பும். தம் தொழிலுக்காகவோ வணிகத்துக்காகவோ கட்டட வேலையை ஒப்பந்தத்துக்கு விடுபவர், ஒப்பந்தக்காரரின் ஆள்களுக்கும் முதலில் தாமே இழப்பீடு கொடுத்துவிட்டுப் பிறகு ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்ற ஏற்பாடும் உண்டு. சொந்தக் குடியிருப்பைக் கட்டுபவரான உங்களுக்கு அது அப்படியே பொருந்தாது.

அதை வைத்துக்கொண்டு நீங்கள் ஒதுங்கி நிற்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன். இருட்டிய பிறகு, போதிய வெளிச்சம் இல்லாத இடத்தில், கல்லை அன்றைக்கே இறக்கியாக வேண்டும் என்று முடிவு செய்தது யார் என்ற கேள்வி கட்டாயம் எழும். அந்த முடிவு உங்களுடையது என்றால் கவனக்குறைவில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது. வண்டி காத்திருக்காது என்று ஓட்டுநர் அவசரப்படுத்தியிருந்தால் அவருக்கும், அவரை அனுப்பிய கடைக்காரருக்கும் பங்கு இருக்கிறது. தம் கிடங்கில் கிரேன் வைத்து ஏற்றிய கல்லை, இறக்குவதற்கு ஆளோ கருவியோ உண்டா என்று ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் அனுப்பிவைத்த கடைக்காரரின் செயலை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் கல்லின் எடை உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

நிற்கும் லாரியிலிருந்து பாரம் இறக்கும்போது நேரும் விபத்தை மோட்டார் வாகன விபத்தாகவும் கருத வாய்ப்பு உண்டு. மோதிக் கவிழ்ந்து கிடந்த ஒரு பெட்ரோல் டாங்கர் சில மணி நேரம் கழித்து வெடித்த வழக்கில், வாகனத்தின் 'பயன்பாடு' என்பது அது ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தோடு முடிந்துவிடுவதில்லை என்று 1991இல் உச்ச நீதிமன்றம் விரிவாகவே பொருள் கொண்டது. தொழிலாளர் இழப்பீடு, வாகன விபத்து இழப்பீடு ஆகிய இரண்டில் ஒன்றைத்தான் கோர முடியும். எது அவருக்கு நன்மை என்பதை வழக்கறிஞரிடம் கேட்டு முடிவு செய்யட்டும். கடை புதுச்சேரியில் இருப்பதால் அங்கே அலைய வேண்டியதில்லை. தொழிலாளர் இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த இடத்திலோ, அவர் குடியிருக்கும் இடத்திலோ கொடுக்கலாம்.

இன்னொன்றை வலியுறுத்திச் சொல்கிறேன். மருத்துவமனையில் 'வீட்டில் வழுக்கி விழுந்தார்' என்று எழுதச் சொல்லும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. காவல் நிலையம் வரை போகுமோ என்ற பயத்தில் செய்யும் அந்தக் காரியம், நாளை அந்தத் தொழிலாளி இழப்பீடு கேட்கும்போது அவருக்கு எதிராகவே நிற்கும். கிரானைட் இறக்கும்போது கல் விழுந்து அடிபட்டது என்று நடந்தது நடந்தபடி பதிவாகியிருக்கிறதா என்று உடனே பாருங்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் அவர் பதிவு செய்திருக்கிறாரா என்பதையும் விசாரியுங்கள்.

இனி கல். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், பொருளின் உரிமை யாரிடம் இருக்கிறதோ இழப்பும் அவரையே சாரும். 'சைட் டெலிவரி' என்ற இரண்டு சொற்கள் பொருளை உங்கள் மனைக்குக் கொண்டுவருவதைச் சொல்கின்றனவே தவிர, இறக்கி வைப்பதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பில்லிலோ, நீங்கள் பரிமாறிய வாட்ஸ்அப் செய்திகளிலோ 'இறக்குக்கூலி உட்பட' என்று இருந்தால் இரண்டு ஸ்லாப்களையும் அவர் மாற்றித் தர வேண்டும் என்று உறுதியாகக் கேளுங்கள். அப்படி எதுவும் இல்லை என்றால், உங்கள் ஆட்கள் இறக்கும்போது உடைந்ததற்கு அவரிடம் முழு விலையைப் பெறுவது கடினம். பாதியாவது பேசிப் பார்க்கலாம்.

மீதி ஸ்லாப்கள் இன்னும் வர இருக்கின்றனவா என்று நீங்கள் எழுதவில்லை. வருமானால், இதைக் கவனியுங்கள். 9 அடிக்கு 3 அடி, 20 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு கிரானைட் ஸ்லாப் சுமார் 135 கிலோ எடை இருக்கும். நான்கு பேர் பிடித்தால் ஆளுக்கு 34 கிலோ என்று கணக்கு சொல்லும். ஆனால் லாரித் தட்டின் விளிம்பைத் தாண்டிக் கல் கீழே இறங்கும் அந்த நொடியில், தரையில் நிற்கும் இருவர் மீதே பாரத்தின் பெரும்பகுதி சாய்ந்துவிடும். லாரியில் கற்கள் இரும்பு ஸ்டாண்டின் இரண்டு பக்கமும் ஏறக்குறைய நிமிர்ந்து சாய்ந்திருக்கும். ஒரு பக்கத்துக் கற்களை மட்டும் எடுத்துக்கொண்டே போனால், ஸ்டாண்டு மறுபக்கம் கவிழும் என்பதால் இரண்டு பக்கமும் மாறி மாறித்தான் எடுக்க வேண்டும். தெருவின் நடுப்பகுதி உயர்ந்து ஓரம் தாழ்ந்திருப்பதால் ஓரமாக நிறுத்திய லாரியும் சற்றுச் சாய்ந்தே நிற்கும். கயிற்றை அவிழ்த்த மாத்திரத்தில் தாழ்ந்த பக்கத்துக் கல் தானாகவே புறப்பட்டுவிடும். கயிறு அவிழ்ப்பதற்கு முன் அந்தப் பக்கம் முட்டுக் கொடுப்பதும், கல்லுக்கும் லாரியின் பக்கப் பலகைக்கும் இடையில் எவரையும் நிற்க விடாமல் இருப்பதும், பகல் வெளிச்சத்தில் மட்டும் இறக்குவதும் கட்டாயம்.

கேள்வி: ஓட்டுநரும் கிளீனரும் இறக்க உதவ வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா?
– வாசகர், லாஸ்பேட்டை

பதில்: பேசிய கூலியில் அது அடங்கியிருந்தால் உண்டு, இல்லையென்றால் வற்புறுத்த முடியாது. ஆனால் வண்டி அவர் பொறுப்பில் இருக்கும் வரை, அதைச் சமதளத்தில் நிறுத்துவது, கை பிரேக் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வைப்பது, பாரம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதை இறக்குகிறவர்களிடம் சொல்வது, இறக்கி முடியும் வரை வண்டியை நகர்த்தாமல் இருப்பது ஆகியவை ஓட்டுநரின் கடமை. டீ குடிக்கப் போகும்போது சாவியை வண்டியிலேயே விட்டுச் செல்ல அவருக்கு உரிமை இல்லை. முறுக்குக் கம்பி வந்தால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும்: 12 மீட்டர் நீளக் கம்பிகளை இரண்டாக வளைத்துச் சிறிய வண்டியில் ஏற்றியிருந்தால், கட்டுக்கம்பியை வெட்டியதும் முனைகள் விசையோடு விரியும். வெட்டுபவர் அந்த முனைகளுக்கு எதிரே நிற்கக் கூடாது.

கேள்வி: எங்கள் சிறு தொழிற்கூடத்துக்கு ஷெட் போடுகிறோம். இரும்பு உத்திரங்கள் லாரியில் வர, மணிக்கணக்கில் வாடகைக்கு ஹைட்ரா கிரேன் அமர்த்தியிருக்கிறோம். விபத்து நடந்தால் கிரேன்காரர் பொறுப்பு என்கிறார் எங்கள் ஒப்பந்தக்காரர். தூக்கச் சொன்னதைத் தூக்குவது மட்டும்தான் தங்கள் வேலை என்கிறார் கிரேன் உரிமையாளர். இதில் எங்கள் நிலை என்ன?
– வாசகர், சேதராப்பட்டு, புதுச்சேரி

பதில்: உங்கள் நிலை முதல் கடிதம் எழுதிய வாசகியின் நிலையைவிடக் கடினமானது. நீங்கள் கட்டுவது தொழிலுக்கான கட்டடம். எனவே, ஒப்பந்தக்காரரின் ஆளுக்குக் காயம் நேர்ந்தாலும் இழப்பீட்டுக் கோரிக்கை உங்கள் வாசலுக்கு வர முடியும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தளம் என்றால் கட்டுமானப் பாதுகாப்பு விதிகளும் முழுமையாகப் பொருந்தும். உயிர்ச்சேதம் ஏற்பட்டால், கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்காக இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. அந்தக் கவனக்குறைவு யாருடையது என்று காவல்துறை தேடும்போது ஆளுக்கு ஒருவரைக் கை காட்டுவது யாரையும் காப்பாற்றாது.

கிரேன் நல்ல நிலையில் இருப்பதும் அதை ஓட்டுபவர் தகுதி உள்ளவராக இருப்பதும் கிரேன் உரிமையாளரின் பொறுப்பு. தகுதி பெற்ற ஆய்வாளர் ஓராண்டுக்குள் சோதித்துக் கொடுத்த சான்றிதழை, கிரேன் உங்கள் வளாகத்துக்குள் நுழையும் முன்பே வாங்கிப் பாருங்கள். 'வண்டியில் இருக்கிறது, பிறகு தருகிறேன்' என்றால் வேலையைத் தொடங்காதீர்கள். எதை, எங்கிருந்து எங்கே, எந்த வழியாகத் தூக்குவது என்று திட்டமிடுவது உங்கள் ஒப்பந்தக்காரரின் பொறுப்பு. உத்திரத்தின் எடையைச் சரியாகச் சொல்ல வேண்டியவர் அதை விற்றவர். அது டெலிவரி சலானில் எழுத்தில் இருக்க வேண்டும். இந்த மூவரையும் ஒரே இடத்தில் நிற்க வைத்து, இன்று தூக்கும் வேலைக்குத் தலைவர் இன்னார் என்று பெயர் சொல்லி நியமிப்பது உங்கள் கடமை. அந்த ஒருவர் மட்டுமே கிரேன் ஓட்டுநருக்குச் சைகை காட்ட வேண்டும். 'நிறுத்து' என்ற சைகையை மட்டும் யார் காட்டினாலும் ஓட்டுநர் நிறுத்த வேண்டும்.

'14 டன் கிரேன்தான் ஐயா, உங்கள் உத்திரம் ஒரு டன்கூட இருக்காது' என்ற பேச்சு உங்கள் காதிலும் விழும். அந்த 14 டன் என்பது கிரேனின் கை முழுவதும் உள்ளிழுத்து, பாரம் மிக அருகில் இருக்கும் நிலையில் மட்டுமே உண்மை. கை நீள நீள, தூக்கும் திறன் வேகமாகக் குறைந்துகொண்டே போகும். எந்த நீளத்தில் எவ்வளவு என்பதற்கு ஓட்டுநர் அறையில் ஒரு அட்டவணை இருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள். பாரத்தைக் கட்டிக் கொக்கியில் மாட்டும் பெல்ட்டின் கோணமும் இதே அளவுக்கு முக்கியம். ஒரு டன் உத்திரத்தை இரண்டு பெல்ட்டுகளில் தூக்கும்போது, ஒவ்வொன்றும் அரை டன்னைத்தான் தாங்குகிறது என்று நினைப்பது தவறு. பெல்ட்டு கிடைமட்டத்திலிருந்து 60 பாகைக் கோணத்தில் நின்றால் ஒவ்வொன்றிலும் சுமார் 580 கிலோ விசை இருக்கும். 45 பாகையில் சுமார் 710 கிலோ. 30 பாகைக்குத் தாழ்ந்துவிட்டால் ஒவ்வொரு பெல்ட்டும் முழு ஒரு டன்னைத் தாங்க வேண்டும். உத்திரத்தின் கூரிய விளிம்பு பெல்ட்டை அறுக்காமலிருக்க இடையில் சாக்கு மடிப்போ ரப்பர் துண்டோ வைப்பதை ஒருபோதும் விட்டுவிடக் கூடாது.

ஹைட்ரா பாரத்தைத் தொங்கவிட்டபடியே நகரக்கூடியது என்பதால் நம் ஊரில் அதற்கு அத்தனை வரவேற்பு. உயிர்களைப் பறிப்பதும் அந்த வசதிதான். தொங்கும் பாரம் ஆடாமலிருக்க உதவியாளர் ஒருவர் அதைக் கையால் பிடித்தபடி கிரேனுக்கு முன்னால் நடப்பதை எல்லா ஊர்களிலும் பார்க்கிறோம். பழைய வகை ஹைட்ராவில் ஓட்டுநருக்கு முன்புறம் சரியாகத் தெரியாது. உதவியாளர் இடறி விழுந்தால் சக்கரம் அவர் மீது ஏறிய பிறகுதான் தெரியவரும். உத்திரத்தின் இரண்டு முனைகளிலும் நீளமான கயிறு கட்டி, பக்கவாட்டில் விலகி நின்று பிடிக்கச் சொல்லுங்கள். முடிந்தால், லாரியையே இறக்கும் இடத்துக்கு அருகே வரவழைத்து, கிரேனை நகர்த்தாமல் இறக்குங்கள்.

கேள்வி: வெள்ளத்துக்குப் பயந்து மனையை மண் கொட்டி உயர்த்தினோம். எம்-சாண்ட் ஏற்றி வந்த டிப்பர், தொட்டியைத் தூக்கியபோது ஒரு பக்கச் சக்கரம் புதைந்து பக்கத்து வீட்டுச் சுவர் மீது சாய்ந்துவிட்டது. நல்ல வேளையாக யாருக்கும் அடியில்லை. சுவருக்கும் வண்டியை மீட்ட செலவுக்கும் என்னிடமே பணம் கேட்கிறார்கள். இது நியாயமா?
– வாசகர், செம்மண்டலம், கடலூர்

பதில்: முழுவதையும் உங்களிடம் கேட்பது நியாயமில்லை. ஆனால் உங்களுக்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது.

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலும், அதைத் தொடர்ந்து தென்பெண்ணையில் வந்த வெள்ளமும் கண்டவர்கள் மனையை உயர்த்த நினைப்பது இயல்பே. ஆனால் கொட்டிய மண் அடுக்கடுக்காகத் தண்ணீர் விட்டு இடித்து இறுக்கப்படாவிட்டால், மேலே காய்ந்து கெட்டியாகத் தெரிந்தாலும் உள்ளே பொலபொலவென்றே இருக்கும். அது கொட்டிய மண் என்பது உங்களுக்குத் தெரியும். புதிதாக வரும் ஓட்டுநருக்குத் தெரியாது. செப்டிக் டேங்க் குழி எங்கே, மூடிய பழைய கிணறு எங்கே என்பதும் அப்படியே. கண்ணுக்குத் தெரியாத ஆபத்தை முன்கூட்டியே சொல்ல வேண்டியது இடத்துக்குரியவரின் கடமை. நீங்கள் சொல்லியிருந்தும் அவர் உள்ளே ஓட்டியிருந்தால், பொறுப்பு பெரும்பாலும் அவருடையதும் வண்டி உரிமையாளருடையதும்தான். பக்கத்து வீட்டுச் சுவருக்கு வண்டியின் மூன்றாம் நபர் காப்பீட்டில் கோரிக்கை வைக்க முடியும். அதை விட்டுவிட்டு உங்களிடம் ரொக்கமாகக் கேட்பதை ஏற்காதீர்கள்.

ஓட்டுநருக்கும் தம் தொழிலில் தெரிந்திருக்க வேண்டியவை இருக்கின்றன. தூக்கிய தொட்டியுடன் நிற்கும் டிப்பருக்குச் சமதளம் இன்றியமையாதது. ஈரமான எம்-சாண்ட் தொட்டியின் மேல்முனையில் ஒட்டிக்கொண்டு இறங்காமல் நிற்கும்போது பாரம் முழுவதும் உச்சியில் தங்கிவிடும். அந்த நிலையில் சக்கரம் சில அங்குலம் புதைந்தாலே வண்டி கவிழும். மணல் இறங்கவில்லை என்றால் தொட்டியைத் தாழ்த்திவிட்டு வேறு வழி பார்க்க வேண்டுமே தவிர, வண்டியை முன்னும் பின்னும் உலுக்கக் கூடாது. அடித்தளத்துக்குத் தோண்டிய குழி இருந்தால், குழி எவ்வளவு ஆழமோ குறைந்தது அவ்வளவு தூரமாவது விலகி வண்டி நிற்க வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். தெருவைக் குறுக்கே கடக்கும் தாழ்வழுத்த மின்கம்பிக்கு விதிகள் கேட்கும் குறைந்தபட்ச உயரம் 5.8 மீட்டர். பெரிய டிப்பரின் தூக்கிய தொட்டி அதை எட்டிவிடும். மனையை உயர்த்திய பிறகு கம்பிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி மேலும் குறைந்திருக்கும் என்பதை எவரும் நினைத்துப் பார்ப்பதில்லை. கம்பிக்குக் கீழே கொட்டச் சொல்லாதீர்கள். சற்றுத் தள்ளிக் கொட்டி, ஆள் வைத்து அள்ளுவதற்கு ஆகும் கூலி பெரிய தொகையன்று. தொட்டி கம்பியில் பட்டுவிட்டால், மின்சாரத்தை நிறுத்தும் வரை ஓட்டுநர் உள்ளேயே இருக்க வேண்டும். வண்டி தீப்பற்றி, இறங்கியே ஆக வேண்டும் என்றால், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல் இரண்டு கால்களையும் சேர்த்துக் குதித்து, கால்களைப் பிரிக்காமல் சிறு சிறு தாவலாக விலகிச் செல்ல வேண்டும். காப்பாற்றப் போகிறேன் என்று வெளியே இருந்து எவரும் வண்டியைத் தொடக் கூடாது.

கேள்வி: எங்கள் தளத்தில் சித்தாள் பெண்களே சிமென்ட் மூட்டைகளை லாரியிலிருந்து தலைச்சுமையாக இறக்குகிறார்கள். பார்க்கவே மனம் வலிக்கிறது. இதற்கு வரம்பு இல்லையா?
– வாசகி, வில்லியனூர்

பதில்: வரம்பு உண்டு. கட்டுமானத் தொழிலாளர்களுக்கான 1998ஆம் ஆண்டு மத்திய விதிகள், ஒருவர் கையாலோ தலையிலோ முதுகிலோ சுமக்கக்கூடிய அதிகபட்ச எடையை ஆணுக்கு 55 கிலோ என்றும் பெண்ணுக்கு 30 கிலோ என்றும் வகுத்துள்ளன. சிமென்ட் மூட்டை 50 கிலோ. ஆகவே ஒரு பெண்ணின் தலையில் முழு மூட்டையை ஏற்றுவது அந்த வரம்பை மீறுவதே. அவரே சம்மதித்தார் என்பது அதற்கு விடையாகாது, ஏனெனில் மறுத்தால் அடுத்த நாள் வேலை கிடைக்காது என்ற அச்சத்தில்தான் அவர் சம்மதிக்கிறார். லாரித் தட்டிலிருந்து ஒருவர் மூட்டையைத் தூக்கிக் கீழே நிற்பவரின் தலையில் போடும்போது கழுத்தில் விழும் அடி அந்த 50 கிலோவைவிடப் பல மடங்கு அதிகம். இறக்குக்கூலிக்குத் தனியாகச் சுமைப்பணித் தொழிலாளர்களை அழைக்கச் சொல்லி ஒப்பந்தக்காரரிடம் நீங்கள் பேசலாம். பேச வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

கேள்வி: வண்டி வந்து நின்றதும் சலானில் கையெழுத்துக் கேட்கிறார்கள். இறக்கும் முன் போடலாமா?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று அச்சிட்ட தாளில், பொருளைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பொருளைப் பரிசோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்புக் கேட்கும் உரிமையை 1930ஆம் ஆண்டுச் சட்டமே உங்களுக்குத் தருகிறது. ஓட்டுநர் அவசரப்படுத்தினால், 'வண்டி வந்து சேர்ந்தது. பொருள் இறக்கிய பிறகு சரிபார்க்கப்படும்' என்று கையால் எழுதி, நேரத்தையும் குறித்துக் கையெழுத்திடுங்கள். இறக்குவது யார் என்பதைப் பொருள் வாங்கும்போதே பேசி, ஆர்டர் சீட்டில் 'இறக்குவது விற்பவர் பொறுப்பு' என்றோ 'வாங்குபவர் பொறுப்பு' என்றோ ஒரு வரி எழுதி வாங்கிவிட்டால், வாசலில் நின்று வாதாட வேண்டிய நிலை வராது. உடைசல் ஏதேனும் தெரிந்தால், கல்லோ கண்ணாடியோ லாரியில் இருக்கும் நிலையிலேயே படம் எடுத்து, அன்றைக்கே கடைக்காரருக்கு அனுப்பிவிடுங்கள்.